ஏழு கையெழுத்து, ஒரு ரசீது

கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று.
பார்த்தது ஒரு மேசை, இரண்டு பையன்கள்,
ஆறிப்போன காபி.
போட்டேன்: ஜெஃபெரினோ, ஓட்டுநர்.

மூன்று பல்கலைக்கழகங்கள் பங்கு போட்டு வாங்கிய எந்திரம்.
உறையவைத்து உலர்த்தும். முந்நூற்றுப் பத்து கிலோ.
ஆளுக்கு மூன்று வாரம் என்று ஒப்பந்தம்.
போர்ச்சுகலில் பாதியை அதோடு சுற்றிவிட்டேன்;
மனைவியோடு இவ்வளவு சுற்றியதில்லை.

லிஸ்பன் பக்கத்துத் தொழில்நுட்பக்காரர்கள்
நான் வண்டியை நிறுத்துவதற்குள் கம்பெனி திறந்துவிடுவார்கள்.
பெயர் முதலில், சின்னம் அடுத்து,
பொருள் வந்தால் வரும்.
டியோகோ போன ஆண்டு கடற்பாசி விற்றான்.
இந்த ஆண்டு, பாசி விற்ற அனுபவத்தை விற்கிறான்.
கேலி இல்லை. அவன் விழுந்து எழுந்ததை
இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

நதிக்கரைப் பழைய பல்கலைக்கழகத்தில்
எந்திரத்தைத் தொட ஏழு கையெழுத்து வேண்டும்.
ஏழாவது ஆள் விடுப்பில்.
வெள்ளத்தில் நனைந்த தேவாலயப் பதிவேடுகளை
லியோகாடியா உறையவைத்து, ஈரத்தை மட்டும் உருவி எடுத்தாள்;
ஞானஸ்நானம், கல்யாணம், சாவு,
ஒன்றிலும் மை கலையவில்லை.
ஸ்பெயினிலிருந்து ஓர் ஆவணக்காப்பகம் விலை கேட்டது.
"விலையா?" என்றாள், யாரோ வயதைக் கேட்டுவிட்டதுபோல.
பிறகு கதவைச் சாத்திவிட்டு
ஒரு தொகை சொன்னாள். சின்னத் தொகை இல்லை.

மலைமேல் பாலிடெக்னிக்.
சாவி பூந்தொட்டிக்கு அடியில்.
ஒட்டிலியாவின் வகுப்பில் செர்ரிக் கூடைகளோடு
கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் முன்வரிசையில்.
"கிலோவுக்கு எவ்வளவு கரண்ட்?"
மாணவர்கள் அவசரமாய்க் கணக்குப் போடுகிறார்கள்.
கம்பெனி யாருடையது என்று கேட்டேன்.
"எந்தக் கம்பெனி?" என்றாள் ஒட்டிலியா.
பாக்கெட்டுகள் போர்த்தோ வரை போகின்றன.

எவ்வளவு துடைத்தும்
மூடியின் ரப்பர் வளையத்தில் செர்ரி வாசனை தங்கிவிட்டது.
அடுத்த சுற்றில் உலர்ந்த
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்துச் சாவுகளில்
ஒரு பக்கம் பழமாய் மணத்ததாம்.
லியோகாடியா புகார் அனுப்பினாள்,
ஏழு கையெழுத்தோடு.
ஒட்டிலியா சிரித்து, இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்பினாள்.
டியோகோ ராத்திரி பதினொன்றுக்குப் போன் செய்தான்:
"அந்த வாசனைக்கு உரிமை யாரிடம் இருக்கிறது?"

எனக்கென்ன தெரியும்.
புது வளையம் வாங்கி மாட்டினேன், கைக்காசில்,
பதினான்கு யூரோ.
ரசீது வண்டிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது.
மூன்றில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்று
இன்னும் யோசிக்கிறேன்.

பழைய வளையத்தை
எறியவில்லை.