முயன்ற மணிகள்

மே மாதம், இரண்டாவது வியாழன்.
வடக்கு டெக்சஸில் காற்று
வண்டி நிறுத்துமிடத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது.
கதவு திறக்கும்போதெல்லாம்
மாட்டுப் பட்டிகளின் வாடை உள்ளே வந்து
வரிசையில் நிற்கிறது.
பதிவாளர் அலுவலகம், மூன்றாம் ஜன்னல்.
பின்னால் நான், வில்மா ஹ்ருஷ்கா.
பத்தொன்பது வருடமாக
பிறர் படித்த நேரத்தை எண்ணுகிறவள்.

படிவம் ஒரே பக்கம்தான்.
நான்கு வருடத்தில் பட்டம் வாங்கினால்,
வழியில் எங்கும் நின்று வேடிக்கை பார்க்காமல் வாங்கினால்,
கட்டிய கட்டணத்தில் ஆயிரம் டாலர் திரும்பி வரும்.
பட்டத்துக்கு வேண்டியது நூற்று இருபது மணி.
மூன்று மணி கூடினால் மன்னிப்பு உண்டு.
நான்காவதற்குக் கிடையாது.

இசிட்ரா பயேசாவின் தாளை
மூன்று முறை கூட்டினேன்.
முதலில் கண்ணாடி இல்லாமல்.
அப்புறம் கண்ணாடியோடு.
மூன்றாவது முறை,
வேறு விடை வந்துவிடாதா என்று.

நூற்று இருபத்து நான்கு.

ஒரே ஒரு மணி அதிகம்.
மாலையில் கோத்தால்
யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு மணி.

"முடித்தது நூற்று இருபதுதானே?" என்கிறாள்.
முடித்தது சரி, பெண்ணே.
விதி முடித்ததைக் கேட்பதில்லை.
முயன்றதைக் கேட்கிறது.
பாதியில் இறங்கிய பேருந்துக்கும்
முழு டிக்கெட்.

விரலை வைத்துக் காட்டுகிறேன்:
மூன்றாம் பருவம். வானியல், செய்முறையோடு நான்கு மணி.
ஒன்பதாவது வாரம் விலகல்.
மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில்
டபிள்யூ என்று ஓர் எழுத்து.

அவள் அதையே பார்க்கிறாள்.
இறைச்சி ஆலையில் இரவுக் கழுவல் வேலையாம்.
வெந்நீர்க் குழாய், ரப்பர் பூட்ஸ்,
விடிகாலை நாலு மணிக்கு வெளியே வந்தால்
தலைக்கு மேலே அத்தனையும்.
பேர் தெரியாமல் பார்ப்பது
கடன் வாங்கியதைப் போல இருந்ததாம்.
அதனால் சேர்ந்தாளாம்.
பிறகு ஷிப்டை மாலை ஏழுக்கு மாற்றினார்கள்.
செய்முறை வகுப்பு எட்டுக்கு.
பத்தாவது வாரம்
தொலைநோக்கியில் சனிக்கிரகம் காட்டுவதாக இருந்தது.

நான் என்ன சொல்ல?
போன வாரம் ஒருவன்,
துறையை மூன்று தடவை மாற்றியவன்,
நூற்று ஐம்பத்தொன்று.
மறுத்ததும் சிரித்துவிட்டுப் போனான்.
அவன் அப்பாவுக்கு நாலாயிரம் ஏக்கர் பருத்தி.

இவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.
வண்டியின் கியர்பாக்ஸ் போய்விட்டது,
மெக்கானிக்கிடம் ஜூன் என்று சொல்லி வைத்தேன்,
அவ்வளவுதான் என்றாள்.
பிறகு அந்த எழுத்தின் மேல் நகத்தை வைத்து,
"இது மாதிரியே வடக்கே ஐந்து நட்சத்திரம் இருக்கிறது.
இரண்டாம் வாரம் சொல்லிக்கொடுத்தார்கள்.
இந்த மாதம், வேலை முடிகிற நேரத்துக்கு,
சாய்ந்து கிடக்கும்" என்றாள்.

முத்திரையை மையில் தொட்டேன்.
மறுக்கப்பட்டது.
காரணம் எழுத ஒரே ஒரு வரி இடம்.
'முயன்ற மணிகள் வரம்பைக் கடந்தன'
என்று எழுதினேன்.
எப்போதும் எழுதுகிற வாசகம்தான்.
இன்று என் கையெழுத்தே
கொஞ்சம் சாய்ந்திருந்தது.

நகல் ஒன்று கேட்டு வாங்கி
நாலாக மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.
பட்டமளிப்பு சனிக்கிழமை,
அதற்கு எந்தத் தடையும் இல்லை என்றேன்.
தெரியும் என்றாள்.

அடுத்து நின்ற பையன்
இஸ்திரி போட்ட சட்டை, பேனா கையிலேயே தயார்.
கூட்டினேன்.
ஒரே முறைதான்.
சரியாக நூற்று இருபது.
எட்டுப் பருவம், ஒரு கறை இல்லை.
கையெழுத்திட்டுத் தள்ளினேன்.

ஆறு வாரத்தில் காசோலை வரும்.
நான்கு வருடத்தில்
எந்த வகுப்புக் கதவை எட்டிப் பார்த்துவிட்டு
உள்ளே போகாமல் திரும்பினாய்
என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
நானும் கேட்கவில்லை.
வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.