புல எண் இல்லாத எட்டு சென்ட்

எருத்தேம்பதி தாண்டி, எல்லைக்கல் தெரிகிற தூரத்தில்
சவரியம்மாள் காடு.
பதினெட்டு வருசமாக நான்தான் உழுகிறேன்.
மேலே என்ன விளைந்ததென்று
கிருஷி பவனில் கோப்பெடுத்துச் சொல்வார்கள்.
கீழே என்ன கிடக்கிறதென்று
என் ரொட்டவேட்டரைக் கேளுங்கள்.

முதலில் அகப்படுவது கறுப்புக் குழாய்.
விரல் தடிமன், முழத்துக்கொரு கண்.
சொட்டுநீருக்குப் பாதிப் பணம் என்றார்கள்,
அடுத்த மாதம் காடெல்லாம் வாழை.
குழாயை எலி கடித்த வருசம்
மானியம் வேறு பயிருக்குப் போயிருந்தது.

கத்தியில் சுற்றிக்கொள்ளும் அதை
இறங்கி, அறுத்து, வரப்பில் வீசிவிட்டு ஏறினால்
அடுத்த சாலில் மல்பெரிக் கட்டை.
புழு வளர்க்க வீடு கட்டக் காசு வந்தது.
அவர்கள் இருந்தது ஓட்டு வீடு,
புழுவுக்குத் தார்சு வீடு.
வெயிலில் புழுவெல்லாம் சுருண்ட ஏப்ரலில்
மகன் லூர்துராசின் நிச்சயத்தை அதில்தான் வைத்தார்கள்.

வடக்கு மூலையில் நிதானமாகப் போக வேண்டும்.
பசுமைக்குடிலின் இரும்புக்கால் நான்கு
ஓரடி ஆழத்தில் கான்கிரீட்டோடு நிற்கின்றன.
உள்ளே குடைமிளகாய் காய்த்ததைப் பார்த்தேன்.
வாங்க ஆள் வந்ததைப் பார்க்கவில்லை.

தென்னை வைக்கக் கொடுத்தார்கள்.
வாடல் வந்ததை வெட்டவும் கொடுத்தார்கள்.
வெட்டிய இடத்தில் குட்டை ரகம் வைத்தால்
கன்றுக்கு இவ்வளவு.
"குழி ஒண்ணு, கூலி மூணு" என்று
சவரியம்மாள் சிரிப்பார்.
அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
மழை பொய்க்கும், சந்தை பொய்க்கும்,
படிவம் மட்டும்
மார்ச் முடிவதற்குள் வந்துவிடும்.

நெல்லுக்கு ஏக்கருக்கு இத்தனை என்ற வருசம்
செம்மண் காட்டில் சேறடித்தேன்.
போட்டோ எடுக்கும்வரை தண்ணீர் நின்றது.
நெல் கேரளத்தில், கிணறு தமிழ்நாட்டில்.
அங்கே கரண்டுக்குக் காசில்லை,
இங்கே கதிருக்குக் காசுண்டு.
நடுவில் எல்லைக்கல்லின் மேல்
ஓணான் ஒன்று வெயில் காயும்.

என்னைச் சொல்லாமல் விட்டால் பொய்.
இந்த டிராக்டரே பாதி விலைக்கு வந்தது.
மீதிப் பாதியின் தவணைக்காக
உழ வேண்டாத காட்டையும்
உழுதுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் மறுஅளவை நடந்தது.
கல்லுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே எட்டு சென்ட்
இந்தப் பக்கப் பதிவேட்டிலும் இல்லை,
அந்தப் பக்கத்திலும் இல்லை.
அதற்குப் படிவம் கிடையாது.
சவரியம்மாள் அனுபவித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இன்று காலை அதையும் உழுதேன்.
குழாய் இல்லை, கம்பி இல்லை, கட்டை இல்லை.
ஒரு நத்தை ஓடு. கொஞ்சம் கோரை.
"என்னங்க போடப் போறீங்க?" என்றேன்.

சேலைத் தலைப்பில் முகம் துடைத்தார்.
கல்லைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார்.
"இதுக்கு என்ன குடுக்கறாங்க?"
"ஒண்ணும் இல்லீங்க."
"அப்ப என்ன போடறது?"

எனக்கும் தெரியவில்லை.
இரண்டு பேரும் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
மணிக்கு ஆயிரத்து நூறு ரூபாய் வண்டி
சும்மா உறுமிக்கொண்டிருந்தது.