லிட்டருக்கு முப்பத்தைந்து

பகல் ஷிப்டில்
சாயத்தண்ணியிலிருந்து உப்பைப் பிரிப்பது என் வேலை.
ராத்திரி, வீரபாண்டி லைன்வீட்டில்,
கேன் தண்ணியில் உப்பைக் கரைக்கிறேன்.

நாற்பது லிட்டர் தொட்டி.
கேன் போடும் சென்னியப்பன்
ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தான்:
"இதுக்கு எங்க போர்த் தண்ணியே போதுமுங்களே,
காசில்லாமக் குடுப்பனே."

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
நாற்பத்தொன்று காட்டியது. தண்ணி விட்டேன்.
இருபத்தெட்டு. உப்பு போட்டேன்.
பால்காரர் மணியடித்துவிட்டார்.

மூன்று வாரமாகக் கல் மட்டும்.
சோதனைக் குழாயில் பச்சை போய்
மஞ்சள் வரும்வரை மீன் கூடாதாம்.
சாயப்பட்டறைக்காரனுக்கே
ஒரு நிறம் மாறக் காத்திருக்கப் பொறுமையில்லை.
பக்கத்து வீட்டு யாழிசை
பள்ளிக்கூடப் பையோடு எட்டிப் பார்க்கிறாள்.
"மீன் எங்கீங்?"
"இன்னும் கடல் ஆகலை அம்மிணி."

நேற்றுக் கரண்ட் போனது.
மோட்டார் நின்ற அமைதியில்
இருவரும் டார்ச் அடித்தோம்.
கல்லின் ஓட்டையிலிருந்து
பனியன் ஓரத்து நூல்பிசிறு மாதிரி ஒரு கை
நீண்டது, மணலைத் தடவியது,
வெளிச்சம் பட்டதும் சுருண்டது.

நான் வாங்காதது.
பில்லில் இல்லாதது.

யாழிசை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"இது திருப்பூர்னு அதுக்குத் தெரியுமுங்களா?"

டார்ச்சை அணைத்தேன்.