பக்கம் நாற்பத்தேழு

ராயப்பேட்டையில், மாடியில் அச்சகம்.
மின்விசிறிக்குப் பயந்து
கல் வைத்த மெய்ப்புத் தாள்கள்.
ஏழாம் வகுப்புத் துணைநூல், பாடம் ஐந்து:
"ஆசியர்கள் குள்ளமானவர்கள். மஞ்சள் நிறத்தவர்.
அரிசி உண்பவர்கள். கடின உழைப்பாளிகள்."
பக்கத்துப் படத்தில் கூம்புத் தொப்பி போட்ட ஒரு பெண்
நாற்றுமுடியோடு குனிந்திருக்கிறாள்.

நான் எழுத்துப்பிழை பார்க்கிறவள்.
ஒற்று மிகுமா மிகாதா என்பதோடு
என் வேலை முடிந்துவிடும்.
ஒற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் காலையில் நான் தின்றது கோதுமை உப்புமா.
உயரம் ஐந்தடி ஏழு,
பஸ்ஸில் மேல்கம்பிக்கு எக்க வேண்டியதில்லை.
நிறம் என்னவென்று
பெண்பார்க்க வந்து போனவர்கள் சொல்வார்கள்.
நாற்பத்தொரு வருடத்தில் ஒருவரும் என்னை
ஆசியள் என்று கூப்பிட்டதில்லை.
ஆசியன் உண்டு, ஆசியர் உண்டு,
பெண்பால் விகுதி போட்டால்
சொல் கூச்சப்பட்டு நெளிகிறது.

வடிவமைக்கிற கஸ்பார் சொன்னான்:
"நாலு வரிதான் மேடம் இடம்.
நானூத்தி எண்பது கோடிப் பேருன்னாலும் நாலு வரி.
வரிக்கு நூத்தியிருபது கோடி, தாராளமா உக்காரலாம்."

மத்தியானம் கிரீம்ஸ் ரோடு வரை நடந்தேன்.
மருந்துக்கடைப் பலகையில் வங்காளம், அரபி,
இடம் மிஞ்சிய மூலையில் தமிழ்.
எக்ஸ்ரே உறையை வெயிலுக்குக் குடையாக்கி
யார் யாரோ போகிறார்கள்.
எங்கள் தெரு நூர்தீன் அங்கே லாட்ஜில்
பதிவேடு எழுதுகிறான்.
'எங்கிருந்து' என்ற கட்டத்தில்
யாராவது ஆசியா என்று எழுதியிருக்கிறார்களா என்றேன்.
எச்சில் தொட்டுப் புரட்டினான்.
சில்ஹெட். சலாலா. பாரோ.
ஒருவர் கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி
ஆற்றின் பெயரையும், அதில்
எந்தக் கரை என்பதையும் எழுதியிருந்தார்.

சாவி வாங்க வந்தாள் குல்னோரா,
உர்கெஞ்ச்சிலிருந்து. மகனுக்கு இதயத்தில் துளை.
கைபேசியை நடுவில் வைத்துக் கேட்டேன்:
நீங்கள் ஆசியரா?
அது அவளுக்கு என்ன சொல்லிற்றோ,
மூன்று நாள் தூங்காத கண்களோடு யோசித்தாள்.
பதில் தமிழில் வந்தது:
"ஆசியா எத்தனையாவது மாடி?
அங்கே யாரைப் பார்க்க வேண்டும்?"

திரும்பி வந்து எழுதினேன், அடித்தேன்.
'பல நிறத்தவர்' – பெயின்ட் கடை விளம்பரம்.
'பல மொழி, பல மதம்' – கொடியேற்றிவிட்டுப் பேசுவது.
'சிலர் குள்ளம்' – சிலர் எங்கேயும் குள்ளம்.
'ஆசியாவில் வாழ்பவர் ஆசியர்' –
பொய்யில்லை. அதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.
அதுவும் இஸ்தான்புல்லில் நிற்காது:
காலையில் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்
மதியச் சோற்றை யாராக இருந்து உண்கிறார்?

ஐந்தரைக்கு மின்சாரம் போய் வந்தது.
அதற்குள் நான்கு வரியையும் கோடிட்டிருந்தேன்.
முதலாளி வரதகுட்டி எட்டிப் பார்த்து,
"எழுத்துப்பிழையா?" என்றார்.
"ஆமாம் சார்" என்றேன்.
"இத்தனையா?"
"ஆமாம் சார்."

படத்துக்குக் கீழே எழுதினேன்:
நாற்று நடும் ஒரு பெண். ஊர் தெரியவில்லை.
பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை.

'ஆசியர்களை விவரி, இரண்டு மதிப்பெண்' என்று
பாடத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறதாம்.
அது வேறு கோப்பு. என்னிடம் இன்னும் வரவில்லை.

"ரெண்டு வரி மிச்சம் மேடம், பக்கம் தொங்குது" என்று
கஸ்பார் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தான்.
படம் பெரிதாகப் பெரிதாக
விரலிடுக்கில் சேறு தெரிந்தது,
தொப்பியின் நாடா,
நாடாவுக்குப் பின்னே ஒரு காது,
காதில், திருகு கழன்று
தீக்குச்சி செருகிய தோடு.