பையில் இருந்தவை

கால்சட்டைப் பையைக் கவிழ்த்தபோது
ஒரு தூண்டில் முள்,
நூறு பெசோ நாணயம் இரண்டு,
துருவேறிய நட்டு ஒன்று,
யாருடையதோ ஒரு சட்டைப் பொத்தான்.
பொத்தானை வைத்துக்கொள் என்றேன்.
காந்தம் அதைக் கேட்காது.

ஆன்செல்மோவுக்கு ஏழு வயது.
போர்வெனீரிலிருந்து நீரிணையைக் கடந்து
படகில் வந்திருக்கிறான்.
புன்தா அரேனாஸில் ஜூலைக் காற்று
ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கவிடாது,
திறந்துவிட்டால் மூடவிடாது.

மயக்க மருந்து டாக்டர் வியாழன்தான் வருவார்.
இன்று செவ்வாய்.
"அசையாம இருப்பியா?"
"நண்டுக் கூண்டு இழுக்கும்போது
அப்பாவும் அதைத்தான் சொல்லுவார்."
அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

காதுகளை அடைத்தேன்.
தலையைச் சுற்றி ஒரு கூண்டு பூட்டினேன்.
கணுக்காலில் அம்மாவின் கை;
சோப்புப் போட்டு மோதிரம் கழற்றிய விரல்
இன்னும் சிவந்திருந்தது.

பிறகு இயந்திரம் தன்பாட்டுக்குத்
தட்டியது, அறுத்தது, உறுமியது.
இருபத்து மூன்று நிமிடம்
மூக்குக்கூட அரிக்காத பிள்ளையை
நான் பார்த்ததில்லை.

பதினான்காவது நிமிடத்தில்
திரையில், சிறுமூளைக்குப் பக்கத்தில்
ஒரு வெள்ளை.
பட்டாணி அளவு.
பட்டாணியைவிடச் சற்று...
அளப்பது என் வேலை இல்லை.
படம் எடுப்பவள் நான், படிப்பவர் வேறு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
ட்ரினிதாத் என் முகத்தையே
படித்துக்கொண்டிருந்தாள்.
மைக்கை அழுத்தி
"நல்லா இருக்கே, இன்னும் ஒன்பது நிமிஷம்" என்றேன்.
குரல் அசையவில்லை.

வெளியே வந்தவன் முதலில் நட்டைத் தேடினான்.
"மொதல் சத்தம் மரங்கொத்தி.
அடுத்தது அப்பா படகுக்கு ஆணி அடிக்கிறது.
மூணாவது என்னன்னு தெரியலை."
அம்மா கோட்டு எடுக்கப் போன நேரம்
என் காதருகே வந்தான்:
"உள்ளே படுத்திருக்கும்போது ஒண்ணு நெனைச்சேன்.
கவுத்த படகுக்கு அடியிலே
நாய் நாலு குட்டி போட்டிருக்கு.
யார்கிட்டயும் சொல்லலை.
படத்துல அது வந்துடுச்சா?"

"வரலை."
"சத்தியமா?"
"சத்தியமா. குட்டிங்க வரலை."

பெரிதாய் மூச்சு விட்டான்.
முள், நட்டு, நாணயம் இரண்டும்
எண்ணி வாங்கிக்கொண்டு
பொத்தானை என் மேசையில் விட்டுப்போனான்.
மறந்தானோ, கொடுத்தானோ.

காற்றினால் மதியப் படகு ரத்து என்று
வரவேற்பறையில் ரேடியோ
சொல்லிக்கொண்டிருந்தது.