எடைமேடைச் சிட்டை

காலை ஏழரைக்கு
முதல் லோரி எடைமேடை ஏறும்போது
என் கண்ணாடிச் சன்னல் லேசாக நடுங்கும்.
பதினெட்டு டன், முந்நூற்று நாற்பது கிலோ.
செம்பனைக் குலைகள் முள்ளும் சகதியுமாக
என்னைப் பார்த்துக்கொண்டே ஆலைக்குள் போகும்.

எல்லோரும் ஆலையின் பெயர் அச்சடித்த டீ-சட்டையில்.
நான் மட்டும்
பச்சையில் வெள்ளைப் புள்ளி,
முழங்காலுக்குக் கீழே குடையாய் விரியும் கவுன்.
அறுபதுகளில் எவளோ தைத்தது.
பகாவ் பண்டல் கடையில்
ஜப்பானிலிருந்து வந்த மூட்டையின் அடியில்
சுருண்டு கிடந்தது.
பன்னிரண்டு வெள்ளி. பத்துக்கு இறங்கவே இல்லை ஆ லெங்.
“பழசு, அதான் இந்த விலை” என்றான்.
அதற்குப் பிறகு எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.

கழுத்துப் பட்டையின் உள்ளே
சிவப்பு நூலில் இரண்டு எழுத்து.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
தெரிந்தவர்களிடம் கேட்கவும் இல்லை.
பெயராக இருந்தால் திருப்பிக் கொடுக்கத் தோன்றும்.

இடுப்புத் தையலைப் பிரித்து
ஒன்றரை விரல் விட்டேன்.
அவள் என்னைவிட ஒல்லி;
கை மட்டும் எனக்கே அளவெடுத்த மாதிரி.
“செத்தவ சட்டையா இருந்தா?” என்கிறாள் அம்மா.
இருக்கட்டும்.
மூன்று முறை துவைத்திருக்கிறேன்.

“எந்தப் படத்துக்கு ஷூட்டிங்?”
என்று தினமும் கேட்பான் லோரி சந்தனசாமி.
தினமும் அதே கேள்வி,
தினமும் அவன் மட்டுமே சிரிப்பான்.

மாலையில் டன் முடிந்து கிராம் தொடங்கும்.
வெண்ணெய் இருநூற்றைம்பது, சீனி இருநூறு,
முட்டையை ஓட்டோடு அல்ல, உடைத்து நிறுக்க வேண்டும்.
வெண்ணெய் விலை ஏறிய மாதம்
பாதிக்குப் பாதி மார்ஜரின் கலந்தேன்.
டப்பாவின் மேல் செம்பனைப் படம்.
உன்னையும் நான்தான் நிறுத்தேனோ என்று கேட்டுக்கொண்டே
கரண்டியை நக்கினேன்.

போன வியாழன் சந்தனசாமி
லோரியை மேடையிலேயே விட்டு இறங்கி வந்தான்.
தொப்பியைக் கழற்றினான். அதுவே புதிது.
“பாப்பாவுக்கு அஞ்சு வயசு. கேக் வேணும்.”
என்ன கேக்?
சுவரைப் பார்த்துச் சொன்னான்:
“ஒங்க கவுன் மாதிரி.”

பள்ளி விடுமுறையில் ஒருநாள்
அப்பாவோடு லோரியில் வந்திருக்கிறாள்.
நான் கவனிக்கவில்லை.
அவள் புள்ளிகளை எண்ணியிருக்கிறாள்,
முப்பதுக்கு மேல் தெரியாததால் விட்டுவிட்டாளாம்.

பாண்டான் இலை அரைத்துப் பிழிந்தேன்.
ஓவனில் வைத்த இருபதாம் நிமிடம் கரண்டு போனது.
தாமான் முழுக்க ஒரே குரலில் “ஐயோ” என்றது.
வெளியே மழை. பதினோரு நிமிடம்.
வெளிச்சம் வந்தபோது கேக்கின் நடுவில்
செம்மண்ணில் டயர் அழுந்தியது போல் ஒரு பள்ளம்.
அழவில்லை என்று சொல்ல ஆசைதான்.

பள்ளத்தில் கிரீம் நிரப்பினேன்.
மேலே பச்சை பூசினேன்.
கவுனை அலமாரிக் கதவில் மாட்டி
புள்ளிக்குப் புள்ளி பார்த்து வைத்தேன்.
இரண்டு வருடமாக உடுத்துகிறேன்,
அன்றைக்குத்தான் தெரிந்தது
அவை வரிசையில் இல்லை என்று.
ஒவ்வொன்றும் பக்கத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது.
இடது தோளில் ஒன்று பாதிதான்;
மீதியைத் தையல் விழுங்கியிருக்கிறது.
கேக்கின் ஓரத்திலும்
அதைப் பாதியாகவே வைத்தேன்.

திங்கள் காலை
நான் எதுவும் கேட்காமல் எடையை எழுதினேன்.
அவனே சொன்னான்:
“புள்ளி மேல கத்தி வைக்கக்கூடாதுன்னு ஒரே அழுக.
சந்துல சந்துல பூந்து வெட்டுனோம்.
ஒருத்தருக்கு வால் மாதிரி, ஒருத்தருக்கு வாத்து மாதிரி.
நடுவுல இருந்த கிரீம அவளே தின்னுட்டா.”
அந்தப் பாதிப் புள்ளி?
“அத யாருக்கும் குடுக்கல. ஐஸ்பெட்டில இருக்கு.”

சிட்டையை நீட்டினேன்.
கவுனின் ஓரத்தில் காய்ந்த கிரீம்,
நகத்தால் சுரண்டப் போனேன்.
அடுத்த லோரி ஏறிவிட்டது.