பால் காய்ச்சாமல் குடிபுகுந்தோர்

பெத்சுகாயில் பிப்ரவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
வாளியிலிருக்கும் சீம்பால் மட்டும் முப்பத்தொன்பது.
முழங்கையை நனைத்துப் பார்த்து
வகிசாகா சொல்கிறாள்: போதும்.

ஈன்று ஒரு மணி நேரம்.
எந்தக் காலை முதலில் ஊன்றுவதென்று
இன்னும் முடிவெடுக்காத கன்று.
பனி கடிக்காதிருக்கக் காதுகளில்
யாருடையதோ பழைய காலுறைகள், ஒன்று நீலம், ஒன்று கோடு போட்டது.

பால் காய்ச்சித்தான் புதுவீடு புகுவோம் நாம்.
இங்கே வீடே எழுந்து நின்று
பால் குடித்துக்கொண்டிருக்கிறது,
காய்ச்சாத பால்.
குடிவருவோர் ஏற்கெனவே உள்ளே:
தாயின் பிறப்புவழியில் தொற்றிக்கொண்டவர்கள்,
காம்பின் வெடிப்பில் காத்திருந்தவர்கள்,
சப்பக் கொடுத்த கட்டைவிரலின் நகக்கண்ணிலிருந்து
வகிசாகா அறியாமல் இறங்கிப்போனவர்கள்.

முதலில் வருவோர் முரடர்கள்.
குடலின் மடிப்புகளில் மிஞ்சிய காற்றையெல்லாம்
உறிஞ்சித் தீர்க்கிறார்கள்.
காற்றுப் பட்டால் செத்துவிடும் கூட்டமொன்று
அதற்காகத்தான் வாசலில் நின்றிருந்தது.
இதில் தியாகம் எதுவுமில்லை.
பசித்தவர் தின்றார். இடம் ஒழிந்தது.

செவ்வாய்தோறும் கயானோ வருகிறாள்,
பஞ்சுக்குச்சிகளும் குழாய்களும் கொண்டு.
பன்னிரண்டு கன்றுகள், பன்னிரண்டு வெள்ளைக் கூண்டுகள்,
ஒன்றின் மூக்கு மற்றதைத் தொடாத இடைவெளி.
அளவுநாடாவால் அவளே அளந்து வைத்தது.
ஆய்வின் கேள்வியே அதுதான்:
யாரையும் தொடாத வயிற்றில் யார் குடியிருப்பார்?

வாலைத் தூக்கிக் குச்சியைச் சுழற்றி
ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கிறாள்.
முதல் நாள் தார் போலக் கறுப்பு.
பிறகு மஞ்சள், பிறகு
வைக்கோலை மோந்து பார்த்த நிறம்.

ஏழாம் எண்ணுக்குக் கழிச்சல் கண்டது.
கண் குழிந்தது. நான்கு நாள் மருந்து.
கழிச்சல் நின்றது, கன்றும் நின்றது.
ஆனால் அந்த வாரத்து வரைபடம்
ஊரடங்கு போட்ட தெருவாகக் கிடந்தது.
இரண்டே இரண்டு பேர்,
எங்கு பார்த்தாலும் அவர்களே.

மார்ச் பதினொன்று. இரவெல்லாம் பனிப்புயல்.
கூண்டின் கூரையளவு குவிந்த மேட்டில் ஏறி
ஏழாம் எண் வேலியைக் கடந்து நடந்துபோனது.

காலையில் பெரிய தொழுவத்தில் கண்டார்கள்.
ஆறு ஈற்றுக் கண்ட பசு ஒன்று படுத்து அசைபோட,
அதன் கடைவாயில் வழியும் பச்சை நுரையை
நக்கிக்கொண்டிருந்தது கன்று.
நக்கி, நிறுத்தி, யோசித்து, மறுபடி நக்கி.
"அதன் தாய்கூட இல்லை இவள்,"
என்றபடி பிரிக்கப் போன வகிசாகா
நீட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கயானோ எழுத வேண்டியதை எழுதினாள்:
எண் ஏழு. நெறிமுறை மீறல். விலக்கப்பட்டது.
எழுதிவிட்டுக் குச்சியை எடுத்தாள்.
அடுத்த செவ்வாயும். அதற்கடுத்ததும்.
கணக்கில் சேராத அந்தக் குழாய்கள்
உறைபெட்டியின் அடித்தட்டில் கிடந்தன,
பிப்ரவரியே வெயில் என்று தோன்றும் குளிரில்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி, கூடம் காலியான பிறகு,
அவற்றையும் ஓட்டிப் பார்த்தாள்.
மற்றப் பதினொன்றின் குடிகளும்
ஆளுக்கொரு திரைக்குள் அடங்கிவிட்டன.
ஏழாம் எண்ணுக்கு உருட்டினாள்.
உருட்டிக்கொண்டே இருந்தாள்.
நாரை உடைப்பவர்கள், புளிக்கவைப்பவர்கள்,
பேரேட்டில் பெயரில்லாதவர்கள்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.

மே மாதம், அடுத்த தொகுதிக் கன்றுகள்.
பனி உருகிக் கூண்டடியில் சேறு.
நான்காம் கூண்டும் ஐந்தாம் கூண்டும்
ஒட்டி நின்றன; இரண்டு நாக்குகள்
நடுவே எதையோ பேசிக்கொண்டிருந்தன.

"காற்று," என்றாள் வகிசாகா,
இலை அசையாத காலையில்.

கயானோ வானத்தைப் பார்த்தாள்.
"பலமான காற்றுதான்," என்றாள்.
அளவுநாடா
பையிலேயே இருந்தது.